ஒரே பாறைக்கு இரண்டு பெயர்கள் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் கிடக்கும் பழங்காலக் கடல் படிவுகளைப் பற்றி இப்பகுதியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுள், பாறை அடுக்குகளை நிலவியலாளர் எப்படி வரையறுக்கிறார்கள், எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று கேட்பவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் நிலத்தில் கிணறு வெட்டியபோது மேலே கரிசல் மண், அதன் கீழ் வெள்ளைச் சுக்கான், அதற்கும் கீழே மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல், கடைசியில் சாம்பல் நிறக் களி என்று நான்கு விதமாக வந்தது. இவை நான்கு பாறை அடுக்குகள் என்று கொள்ளலாமா? எதைப் பார்த்து ஓர் அடுக்கு முடிந்தது, இன்னொன்று தொடங்கியது என்று முடிவு செய்கிறார்கள்?
– அரியலூர் மாவட்ட வாசகர்

பதில்: நான்கு என்று கொள்ள முடியாது. முதல் இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். கரிசல் என்பது பெரும்பாலும் கீழே உள்ள பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து மண்ணாக மாறியது. சுக்கான் என்பது மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுபோன சுண்ணாம்பு, ஈரம் வற்றும்போது மண்ணுக்குள்ளேயே மீண்டும் உறைந்து கட்டியானது. இரண்டுமே படிந்து முடிந்த பாறையின் மீது பிற்காலத்தில் நடந்த மாற்றத்தால் வந்தவை. கடலோ ஆறோ கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பியவை அல்ல. ஆகவே உங்கள் கிணற்றில் அடுக்குகளின் கணக்கு மூன்றாவதாக வந்த சுண்ணாம்புக்கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

இனி எல்லை எப்படிக் குறிக்கப்படுகிறது என்பதற்கு வருகிறேன். முதலில் பார்க்கப்படுவது பாறையின் தன்மை மட்டுமே. துகள் பெரியதா சிறியதா, உருண்டதா கூர்மையானதா, எந்தக் கனிமத்தால் ஆனது, துகள்களைப் பிணைத்திருக்கும் பசை எது, நிறம் என்ன, கிளிஞ்சல் இருக்கிறதா, மெல்லிய தகடுகளாகப் பிரிகிறதா, கனத்த பாளங்களாக உடைகிறதா என்று கண்ணாலும் கைக்குவியாடியாலும் பார்த்து எழுதிக்கொள்வார்கள். ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும். சுண்ணாம்பு கலவாத களி அப்படியே கிடக்கும். களத்துக்குச் செல்லும் எந்த நிலவியலாளரின் பையிலும் அந்தச் சிறு குப்பி இருக்கும்.

இத்தன்மைகளில் ஒன்றுபட்டு, மேலேயும் கீழேயும் உள்ள பாறையிலிருந்து வேறுபட்டு, ஊர் ஊராகத் தொடர்ந்து நிலப்படத்தில் கோடு போட்டுக் காட்டக்கூடிய அளவுக்குப் பரவியிருக்கும் பாறைத் திரளுக்கு ஃபார்மேஷன் என்று பெயர். தமிழில் ‘அமைவு’ என்று எழுதுகிறேன். பாறையை வகைப்படுத்தும் வேலையில் அடிப்படை அலகு இதுதான். சில அமைவுகளைச் சேர்த்தால் ஒரு ‘தொகுதி’; ஓர் அமைவுக்குள்ளேயே தனித்துத் தெரியும் பகுதி ‘உட்பிரிவு’; அதற்குள் கண்ணால் பிரித்தறியும் மிகச் சிறிய தட்டு ‘படலம்’. ஓர் அமைவு இத்தனை அடி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஒரு மீட்டருக்கும் குறைவாக இருப்பவை உண்டு. ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்தவையும் உண்டு. படத்தில் வரைய முடிகிறதா என்பதுதான் சோதனை.

அரியலூரை ஒட்டியுள்ள கல்லங்குறிச்சி அமைவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் அந்தச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு துண்டைக் கையில் எடுத்தால், கிரைபியா என்னும் பழைய சிப்பியின் ஓடுகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதைக் காணலாம். ஒரு பக்க ஓடு கனத்து, கிண்ணம் போல் உள்வளைந்திருக்கும். மற்றது அதன் மூடி போலத் தட்டையாக இருக்கும். வேறு சில மட்டங்களில் இதே அமைவில் கிரைபியா குறைந்து, இனோசெராமஸ் என்னும் வேறொரு சிப்பியின் துண்டுகள் மிகுந்திருக்கும். பின்னர் நடந்த ஆய்வுகளில் இந்த வேறுபாடுகளை வைத்தே கல்லங்குறிச்சி அமைவு உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, கல்லாறு, சீனிவாசபுரம், காட்டுப்பிரிங்கியம் என்று உள்ளூர்ப் பெயர்களும், டான்செம் சுரங்கத்தின் பெயரும் அவற்றுக்குச் சூட்டப்பட்டன.

எல்லை எப்போதும் கத்தியால் கீறியது போல இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சில இடங்களில் களி முடிந்த மட்டத்திலேயே சுண்ணாம்புக்கல் தொடங்கும். வேறு சில இடங்களில் களிக்குள் சுண்ணாம்புக்கல் மெல்லிய தட்டாக முதலில் தலைகாட்டி, பிறகு கனத்து, பல மீட்டர் தாண்டிய பிறகே முழுமையாகச் சுண்ணாம்புக்கல் ஆகும். அப்போது நிலவியலாளர், ‘தடித்த சுண்ணாம்புத் தட்டு முதன்முதலாக வரும் இடம்தான் எல்லை’ என்பது போல ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதை வெளிப்படையாக எழுதி வைக்கிறார். அந்த எல்லையை வேறொருவர் போய்ச் சரிபார்ப்பதற்காக, அமைவு தெளிவாக வெளிப்பட்டிருக்கும் ஓர் ஓடைக்கரையையோ சுரங்கச் சுவரையோ மாதிரி இடமாக அறிவித்து, அதன் பக்கத்திலுள்ள ஊரின் பெயரையே அமைவுக்கு வைத்து, அறிவியல் இதழில் வெளியிடுவது மரபு.

உங்கள் கிணற்றுச் சுண்ணாம்புக்கல் எந்த அமைவைச் சேர்ந்தது என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்வது முறையாகாது. ஒரு கைப்பிடி அளவுத் துண்டுகளை, எத்தனை அடி ஆழத்தில் எடுத்தது என்று சீட்டு எழுதித் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். ஆழம் எழுதாத கல்லால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: ஒரு நூலில் ‘அரியலூர்த் தொகுதி’ என்று இருக்கிறது. இன்னொரு நூலில் அதே பாறையை ‘மாஸ்ட்ரிக்டியன்’ என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது ஒன்றில் ‘மேல் கிரீட்டேசியஸ்’ என்று போட்டிருக்கிறது. இவற்றுள் எது சரி? நம் ஊர்க் கல்லுக்கு வெளிநாட்டுப் பெயர் எதற்கு?
– கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: மூன்றும் சரி. ஆனால் அவை ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளாததால் பாடநூல்களிலும் செய்திகளிலும் நேரும் குழப்பம் ஏராளம் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பெரிய சிவன் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். விமானம், மண்டபம், திருச்சுற்று, கோபுரம் என்பவை கட்டடத்தின் பகுதிகள். சோழர் காலம், பாண்டியர் காலம், நாயக்கர் காலம் என்பவை காலத்தின் பகுதிகள். ‘இது மண்டபமா, நாயக்கர் காலமா?’ என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கோயிலின் மண்டபம் சோழர் காலத்ததாகவும் இன்னொரு கோயிலின் மண்டபம் நாயக்கர் காலத்ததாகவும் இருக்கலாம். ஒரே நீண்ட மதில் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலையில் முடிவதற்குள் இரண்டு அரசர்கள் மாறியிருக்கவும் கூடும். பாறையிலும் அப்படியே. அமைவு, தொகுதி என்பவை பாறையின் தன்மையை வைத்துப் பிரித்தவை. கிரீட்டேசியஸ், மாஸ்ட்ரிக்டியன் என்பவை காலத்தை வைத்துப் பிரித்தவை.

நம் பகுதியில் பாறைப் பெயர்களைத் தொடங்கி வைத்தவர், இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு. 1862இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கடல் படிவுகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக்கியது. இன்றைய வகைப்பாடு பல திருத்தங்களைக் கண்டிருந்தாலும் அந்த மூன்று பெயர்களும் நிலைத்துவிட்டன. இன்று அரியலூர்த் தொகுதியில் சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று கீழிருந்து மேலாக நான்கு அமைவுகளைக் காட்டுகிறார்கள். அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல் வருகிறது.

காலப் பெயர்களின் வரலாறு வேறு. பாரிஸ் சுற்றுவட்டாரத்தில் கிடக்கும் வெள்ளைச் சாக்குக்கல்லை வைத்து, லத்தீன் மொழியில் சாக்குக்கல்லைக் குறிக்கும் ‘கிரேட்டா’ என்னும் சொல்லிலிருந்து, ஒமாலியஸ் தாலுவா என்னும் பெல்ஜிய அறிஞர் 1822இல் கிரீட்டேசியஸ் என்ற பெயரை உண்டாக்கினார். அதன் உட்கூறுகளுக்கும் ஐரோப்பிய ஊர்களின் பெயர்களே அமைந்தன. டூர் நகரத்தின் பெயரால் டியூரோனியன், கோன்யாக்கின் பெயரால் கோனியாசியன், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தின் பெயரால் மாஸ்ட்ரிக்டியன். அந்த வேலை முதலில் அங்கே நடந்ததுதான் காரணம். பாறைக்கு உள்ளூர்ப் பெயர் இருப்பதும், காலத்துக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர் இருப்பதும் தேவையானவை. சில்லக்குடி மணற்கல் சில்லக்குடியைச் சுற்றித்தான் கிடைக்கும். ஆனால் அது படிந்த காலம் உலகம் முழுவதற்கும் பொதுவானது.

அப்படியானால் மாஸ்ட்ரிக்ட் நகரத்துக் கல்லும் கல்லங்குறிச்சிக் கல்லும் ஒரே காலத்தவை என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தொல்லுயிர் எச்சங்களைக் கொண்டுதான். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் வேலைக்கு நில அளவை செய்துவந்த வில்லியம் ஸ்மித், ஒன்றுபோலத் தோன்றும் களிகளையும் கற்களையும் அவற்றிலுள்ள கிளிஞ்சல்களை வைத்துப் பிரித்தறிய முடியும் என்பதையும், அந்த உயிரினங்கள் எங்கே பார்த்தாலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன என்பதையும் கண்டு, 1815இல் ஒரு பெரிய நிலவியல் படத்தை வெளியிட்டார். ஓர் உயிரினம் தோன்றும், பரவும், அழியும். அழிந்தது திரும்ப வராது. அதனால் விரைவாக மாறி, கடல் வழியாகத் தொலைவு பரவிய உயிரினம் ஒவ்வொன்றும் ஒரு காலமுத்திரை போலப் பயன்படுகிறது. சுருண்ட ஓடுடைய பழங்காலக் கடலுயிர்களான அம்மோனைட்டுகள் அத்தகையவை. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் எடுத்து நம் வீடுகளில் பூசையில் வைக்கும் சாளக்கிராமத்தின் உள்ளே சுருண்டிருப்பது அம்மோனைட்டின் அச்சுதான். இப்படி உயிரின எச்சங்களைக் கொண்டு பிரிக்கும் அலகுக்கு ‘மண்டலம்’ என்று பெயர். பாறை ஒன்று, உயிர் ஒன்று, காலம் ஒன்று என மூன்று வகைப்பாடுகள் ஒரே ஓடைக்கரையின் மீது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் எல்லைகள் ஒரே கோட்டில் விழ வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏன் விழுவதில்லை என்பதற்குக் கடற்கரையை நினைத்தால் போதும். இன்றும் கரையோரம் மணல் படிகிறது, சற்றுத் தள்ளிய ஆழத்தில் சேறு படிகிறது. கடல் மெல்ல நிலத்துக்குள் ஏறி வந்தால் கரையும் உள்ளே நகரும்; மணல் படியும் இடமும் அதனோடு நகரும்; முன்பு மணல் படிந்த இடத்தின் மேல் சேறு வந்து மூடும். பல லட்சம் ஆண்டுகள் கழித்து வெட்டிப் பார்ப்பவருக்குக் கீழே ஒரே மணற்கல், மேலே ஒரே களிப்பாறை என்று தெரியும். ஆனால் அந்த மணற்கல்லின் கடலோர முனை பழையது, நிலத்தோர முனை புதியது. பக்கத்துப் பக்கத்தில் படிபவைதான் பின்னர் மேலும் கீழுமாக அமைகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் வால்தர் 1894இல் விதியாகவே எழுதினார். ஆகவே ஓர் அமைவின் பெயரைக் கண்டதும் அது முழுவதும் ஒரே வயது என்று எழுதிவிடக் கூடாது.

சொற்களில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. ‘கிரீட்டேசியஸ் காலம்’ என்பது ஆண்டுக்கணக்கு. அது ஏறத்தாழ பதினான்கரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அந்தக் காலத்தில் படிந்த பாறைகள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும்போது ‘மேல் கிரீட்டேசியஸ்’, ‘கீழ் கிரீட்டேசியஸ்’ என்பார்கள். காலத்தைக் குறிக்கும்போது ‘பிற்பகுதி’, ‘முற்பகுதி’ என்றுதான் சொல்ல வேண்டும். கல்லுக்கு மேல் கீழ் உண்டு. காலத்துக்கு முன் பின் மட்டுமே உண்டு. தேர்வில் இதைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.

காலத்தின் எல்லைகளையும் நிலத்தில் ஓர் இடத்தைக் காட்டித்தான் நிறுவுகிறார்கள். சைலூரியன் முடிந்து டெவோனியன் தொடங்கும் எல்லைக்கு 1972இல் செக் நாட்டின் குளோங்க் என்னும் இடத்தில் ஒரு குறிப்பிட்ட படலத்தை உலக அளவுகோலாக ஏற்றார்கள். இவ்வகையில் முதலாவது அதுதான். ‘தங்க ஆணி’ என்று செல்லமாகச் சொல்வார்கள். கிரீட்டேசியஸ் முடியும் எல்லைக்கான ஆணி, துனீசியாவின் எல் கெஃப் அருகே, இரிடியம் என்னும் அரிய உலோகம் மிகுந்த மெல்லிய களியின் அடியில் இருக்கிறது. நம் பகுதியில் கல்லமேடு அமைவு மாஸ்ட்ரிக்டியனையும், நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல் அதை அடுத்து வந்த டேனியனையும் சேர்ந்தவை. ஆனால் கல்லமேடு ஆற்றுப் படிவு, டைனோசர் எலும்புகள் கிடைத்த இடம். நின்னியூர் கடல் படிவு. எனவே எல் கெஃப்பில் உள்ளது போல இடைவிடாமல் கடலுக்குள்ளேயே படிந்த ஒரு தொடர்ச்சியை இங்கே எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: மேலே இருக்கும் அடுக்கு எப்போதும் கீழே இருப்பதைவிட இளையது என்று படித்தேன். இதற்கு விலக்கே கிடையாதா?
– வாசகர், சேலம்

பதில்: டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் டஸ்கனியில் ஆய்வு செய்த நிக்கோலஸ் ஸ்டெனோ 1669இல் எழுதி வைத்த விதி அது. படிவுகள் முதலில் கிடைமட்டமாகப் படிகின்றன, பக்கவாட்டில் தொடர்ந்து பரவுகின்றன என்பவையும் அவர் சொன்னவையே. விதி சரியானது, ஆனால் அது படியும் வேளையில் இருந்த மேல்கீழைப் பற்றியது. பிற்காலத்தில் மலைகள் எழும்போது அடுக்குகள் பாய் மடித்தது போல மடிந்து தலைகீழாகவும் ஆகலாம். பழைய பாறைப் பாளம் ஒன்று புதியதன் மேல் ஏறி உட்காரவும் செய்யலாம். இமயமலையில் இரண்டும் நடந்திருக்கின்றன.

அப்போது எது மேல் என்பதைப் பாறையே சொல்லும். கோடையில் ஏரி வற்றியபின் சேறு வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெடிப்பு மேலே அகன்று, கீழே போகப் போகக் குறுகி முடியும். அதே வெடிப்பு மணலால் நிரம்பிக் கல்லாகி, இன்று ஒரு மலைச்சரிவில் குறுகிய முனை வானத்தை நோக்கித் தெரிந்தால், அந்த அடுக்கு கவிழ்ந்துவிட்டது என்று பொருள். அலை எழுதிய வரிகளின் கூரான முகடுகளும், கீழே பருமணலும் மேலே நுண்மணலுமாகத் தரம் பிரிந்து அடங்கிய படலங்களும் இதே வேலையைச் செய்கின்றன.

விலக்கைவிட முக்கியமானது இடைவெளி. ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்டில் ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் கண்ட காட்சி புகழ்பெற்றது. கீழே செங்குத்தாக நிமிர்ந்த சாம்பல் நிறப் பாறை. அதன் அறுபட்ட விளிம்புகளின் மேல் ஏறத்தாழப் படுக்கையாகச் செந்நிற மணற்கல். கீழ்ப்பாறை படிந்து, கல்லாகி, நிமிர்ந்து, அரிக்கப்பட்டு, அதன் பிறகே மேல்பாறை படிந்திருக்க முடியும். இரண்டுக்கும் நடுவே உள்ள ஒரு கோட்டில் பல கோடி ஆண்டுகள் எழுதப்படாமல் போயிருக்கின்றன. திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் இத்தகைய கோடு உண்டு. அடியில் கிடக்கும் நைஸ் முதலிய கடினப் பாறைகள் 53 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட ப்ரீகேம்பிரியன் காலத்தவை; அவற்றின்மேல் அமர்ந்த கடல் படிவுகளில் மிகப் பழையவை ஏறத்தாழ 11 கோடி ஆண்டு அளவில்தான் தொடங்குகின்றன. நடுவில், சில இடங்களில் மட்டும், இலைப்படிவங்கள் கொண்ட தெரணிக் களிமண் இருக்கிறது. கிணறு வெட்டுபவர் ஓர் அடியில் அந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறார்.

கேள்வி: சாத்தனூர்க் கல்மரத்தைக் குழந்தைகளுடன் போய்ப் பார்த்தோம். 12 கோடி ஆண்டுகள் என்று சொல்கிறார்கள். மரத்தின் வயதை எப்படி அளந்தார்கள்?
– ஆசிரியை, பெரம்பலூர்

பதில்: மரத்தை அளக்கவில்லை. அது கிடந்த அடுக்கின் வயதே மரத்தின் வயதாகச் சொல்லப்படுகிறது. 18 மீட்டர் நீளமுள்ள அந்த அடிமரத்தை 1940இல் உலகுக்கு அறிவித்தவர், இந்திய நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றிய டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன். ஆறு அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்த்த மரம், சேற்றில் புதைந்து, அதன் கட்டை சிறிது சிறிதாகச் சிலிக்காவால் நிறைந்து கல்லானது. படிவுப் பாறையின் வயதை நேரடியாகக் கருவியில் போட்டு அளப்பது பெரும்பாலும் இயலாது. மணல்மணியை அளந்தால், அந்த மணி உடைந்து வந்த பழைய மலையின் வயதுதான் கிடைக்கும். எரிமலைச் சாம்பல் படலம் இடையில் இருந்தால் அதிலுள்ள ஸிர்கான் என்னும் கனிம மணிகளை அளக்கலாம். இல்லாத இடத்தில் அம்மோனைட்டுகளைக் கொண்டு எந்தக் கால அலகு என்று கண்டுபிடித்து, அதே கால அலகில் சாம்பல் கிடைத்த வேறு நாட்டு அளவீட்டை இங்கே பொருத்திக்கொள்கிறார்கள்.

சாத்தனூர் மரம் கிடப்பது திருச்சிராப்பள்ளித் தொகுதியில். அத்தொகுதி டியூரோனியன், கோனியாசியன் காலங்களைச் சேர்ந்தது. இன்றைய காலஅட்டவணைப்படி இவை 9 கோடியே 40 லட்சம் ஆண்டுகளுக்கும் 8 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்டவை. எனவே ‘ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள்’ என்று மாணவர்களுக்குச் சொல்வதே பொருத்தம். 12 கோடி என்ற எண் பழக்கத்தில் பரவிவிட்டது. அது அந்த அடுக்கோடு பொருந்தவில்லை. அடுக்கின் பெயரை முதலில் சொல்லி, வயதைப் பிறகு சொல்லப் பழக்கினால், நாளைக்குக் காலஅட்டவணை திருத்தப்பட்டாலும் மாணவர்கள் தாங்களே எண்ணை மாற்றிக்கொள்வார்கள்.

கேள்வி: பல்லாவரம் மலையின் சார்னகைட் எந்த அமைவில் சேரும்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: எதிலும் சேராது. சார்னகைட் என்பது ஒரு பாறை வகையின் பெயர். அடுக்கின் பெயர் அன்று. கொல்கத்தாவில் உள்ள, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், பல்லாவரம் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளான பாறையில், முதலில் படிந்த அடுக்கு என்று ஏதேனும் இருந்திருந்தாலும் அது அழிந்துபோயிருக்கும். மேலே இருப்பது இளையது என்ற விதி அங்கே செல்லாது. அத்தகைய பாறைகளைப் படத்தில் குறிப்பதற்குத் தனி அலகுமுறை வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நாம் வாழும் காலத்துக்கு ‘மேகாலயன்’ என்று பெயர் என்கிறார்கள். ‘ஆந்த்ரொபோசீன்’ என்றும் படிக்கிறோம். எது அதிகாரபூர்வமானது?
– வாசகர், மதுரை

பதில்: மேகாலயன்தான். 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஹோலோசீன் என்னும் இன்றைய காலப்பகுதியை 2018இல் மூன்றாகப் பிரித்தபோது, கடைசிப் பகுதிக்கு மேகாலயத்தின் மாம்லூ குகையில் எடுத்த ஒரு சுண்ணாம்புக் கசிவுப்படிவை அளவுகோலாக ஏற்றார்கள். குகைக்கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து மர வளையம் போல வளர்ந்த அந்தப் படிவில், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் மழை குறைந்ததன் தடயம் ஆக்சிஜன் அணுக்களின் விகிதத்தில் பதிந்திருக்கிறது. மாஸ்ட்ரிக்டும் கோன்யாக்கும் இருக்கும் பட்டியலில் மேகாலயமும் இடம்பெற்றது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவது.

மனிதர்களின் செயல்கள் பூமியில் விட்ட தடத்தை ‘ஆந்த்ரொபோசீன்’ என்ற தனிக் காலமாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு, கனடாவின் கிராஃபோர்டு ஏரியின் அடியில் ஆண்டுதோறும் படிந்த மெல்லிய சேற்றுப் படலங்களையும், அவற்றில் 1950களின் தொடக்கத்தில் அணுகுண்டுச் சோதனைகளால் வந்து விழுந்த புளூட்டோனியத்தையும் சான்றாகக் காட்டினார்கள். 2024 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் அது ஏற்கப்படவில்லை. சான்று பொய் என்று யாரும் சொல்லவில்லை. வேளாண்மை, காடழிப்பு, சுரங்கம் என்று பல ஆயிரம் ஆண்டுகளாக இடத்துக்கு இடம் வெவ்வேறு வேளையில் நடந்ததை 1950 என்ற ஒற்றைக் கோட்டால் தொடங்கி வைப்பது பொருந்துமா என்பதே எதிர்த்தவர்களின் கேள்வி. முன் பதிலில் சொன்ன, கடல் ஏறி வந்த கரையின் மணலை நினைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் அதே வகையானதுதான்.

கேள்வி: நான் நன்னிலத்துக்காரன். எங்கள் ஊரில் எட்டிய தொலைவுவரை வண்டல் மண்ணும் நெல்வயலும்தான். ஒரு கல் கூடக் கிடையாது. ஆனால் எண்ணெய்த் துரப்பணம் பற்றிய கட்டுரையில் ‘நன்னிலம் ஃபார்மேஷன்’ என்று படித்தேன். இது எப்படி?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் ஊரின் பெயர்தான் அது. அரியலூரில் வெளியே தெரியும் அதே கடல் படிவுகளின் காலத்தவை, கிழக்கே போகப் போக வண்டலுக்கு அடியில் ஆழத்தில் இறங்கிவிடுகின்றன. ஓடைக்கரையில் மாதிரி இடம் காட்ட முடியாத நிலையில், எண்ணெய்க் கிணறு ஒன்றின் இன்ன ஆழம் முதல் இன்ன ஆழம் வரை என்று குறித்து, அதையே மாதிரியாக அறிவிக்கிறார்கள். ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, பரங்கிப்பேட்டை, நன்னிலம், குடவாசல் என்று காவிரிப் படுகையின் ஊர்ப் பெயர்கள் அப்படித்தான் பாறைக்குப் போயின.

பார்க்க முடியாத பாறையை அடையாளம் காண்பதற்கும் வழி இருக்கிறது. துளையிடும்போது சேற்றுநீரோடு மேலே வரும் கல்நொய்யை ஆழவாரியாக அள்ளி, கழுவி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அம்மோனைட் துரப்பணத்தில் நொறுங்கிவிடும். ஆனால் மணல்மணி அளவே உள்ள, ஃபோராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகளின் ஓடுகள் முழுதாகத் தப்பி வந்து காலத்தைச் சொல்லும். பிறகு கருவியைக் கிணற்றுக்குள் இறக்கி, மின்தடையையும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சையும் அடிக்கு அடி பதிவு செய்வார்கள். களிப்பாறையில் கதிர்வீச்சு கூடும், சுத்தமான மணற்கல்லில் குறையும். மின்முறையில் கிணற்றை அளக்கும் இந்த வித்தையை ஷ்லும்பெர்ஜர் சகோதரர்கள் பிரான்சின் பெஷெல்ப்ரோன் எண்ணெய் வயலில் 1927இல் தொடங்கி வைத்தனர். ஒரு கிணற்றின் பதிவுச் சுருளை அடுத்த கிணற்றின் சுருளோடு பக்கத்தில் வைத்து, ஒரே வடிவத்தில் வளையும் கோடுகளைப் பொருத்திக்கொண்டே போனால், வயலுக்கு அடியில் நன்னிலம் அமைவு எங்கே கனத்து எங்கே மெலிகிறது என்பதைத் தாளில் வரைந்துவிடலாம். கட்டுரையில் உங்கள் கண்ணில் பட்டது அத்தகைய வரைபடம் ஒன்றிலிருந்து வந்த பெயர்.